இருமுறை தீட்டிய அரிசி

இன்று காலை மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்றவர் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைப் புட்டியை அங்கேயே திறந்து, உள்ளே அடைத்திருந்த பஞ்சை எடுத்துக் கீழே போட்டார். அந்த வாடை வந்தது. ஈரத் தவிடும் புளித்த மாவும் கலந்தாற்போல ஒன்று. கடைப்பையன் மூக்கைச் சுளித்தான். நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த நாற்றத்தை வாசனை என்று சொன்னவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். புட்டியைத் திறந்து மூக்கருகே பிடித்துக்கொண்டு, "என் காலு இதுக்குள்ளதான்டி இருந்துச்சு" என்பாய்.

நான் கடைக்குப் போனது மாடிவீட்டுப் பெண்ணுக்காக. சின்ன வயசு. இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்துக்கு மூன்று தரம் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். நேற்று வந்த பரிசோதனைக் காகிதத்தை என்னிடம் காட்டி, "டீச்சரம்மா, எனக்குள்ள இருக்கிற வைட்டமினை எல்லாம் வரிசையா போட்டிருக்காங்க பாருங்க" என்றாள். ஒன்று குறைவு, இன்னொன்று மிகக் குறைவு, ஒன்று மட்டும் தேவைக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் அச்சடித்திருந்தது.

உனக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு நம் ஊரில் அதை அளந்து சொல்ல ஆளில்லை. உன் உடம்புதான் சொன்னது. அது சொன்னதைக் கேட்க வைப்பதற்கே நீ ஒரு சண்டை போட வேண்டியிருந்தது. அந்தச் சண்டையைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் நான் மட்டும்தான் போலிருக்கிறது. அதனால்தான் உனக்கே உன் கதையை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நீ ஸ்ரீரங்கத்தில் நம் பள்ளிக்கு வந்தாய். ட்ரில் டீச்சர் வரப் போகிறார் என்றதும் மீசை வைத்த யாரோ வருவார் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். கழுத்தில் விசிலும், வெள்ளைப் புடவைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூவுமாக நீ வந்தாய். நீ தெருவில் நடந்தபோது வாசலுக்கு வந்து பார்க்காத வீடு இல்லை. முதல் வாரமே ஒரு தகப்பனார் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். "பொம்பளப் பிள்ளைங்கள மைதானத்துல ஓட விடுறீங்களாமே?" என்று கேட்டார். நீ கொஞ்சமும் குரலை உயர்த்தவில்லை. "ஆமாங்க. உங்க பொண்ணு ரொம்ப நல்லா ஓடுதுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பாருங்களேன்" என்றாய். அவர் வெள்ளிக்கிழமை வந்தார். வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார்.

நான் தமிழ் டீச்சர். அம்மாவோடு அடையவளஞ்சான் தெருவில் ஒரு போர்ஷனில் குடியிருந்தேன். பக்கத்துப் போர்ஷன் காலியாக இருந்தது; நீ வந்து சேர்ந்தாய். மண்ணச்சநல்லூரில் சொந்தமாக ரைஸ் மில் இருக்கிற குடும்பம். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அவசியம் உனக்கு இல்லை. அப்பா அம்மா இல்லாத உன்னை அண்ணன்தான் வளர்த்தார். பத்து வயதில் உடம்பெல்லாம் வீங்கிப் பல மாதம் படுத்துக் கிடந்தாயாம். பிழைத்து எழுந்தபின்னும் அந்தப் பேச்சு உன்னைவிட்டுப் போகவில்லை. பெண் கேட்டு வந்தவர்களெல்லாம் அதைக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போனார்கள். "எல்லாரும் என் உடம்பைப் பத்தியே பேசுறாங்களே, அதை வச்சு என்ன செய்ய முடியும்னு பார்த்துடலாம்னு பட்டணத்துக்குப் போய் ட்ரில் படிச்சேன்" என்று நீ சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை.

மூன்றாம் வருஷமோ என்னவோ, அந்தப் பழைய நோய் திரும்பியது. விடியற்காலையில் கண் இமை இரண்டும் வீங்கி, முகம் யாருடையதோ போல இருந்தது. சிறுநீர் கலங்கி நுரைத்தது. உங்கள் குடும்ப டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீரக வீக்கம், இது அப்போதே முழுசாகப் போகவில்லை, உள்ளே இருந்துகொண்டே இருந்திருக்கிறது என்றார். உப்பைக் குறைக்க வேண்டும், பருப்பைக் குறைக்க வேண்டும், ஓய்வு வேண்டும். இதை அவர் உன்னிடம் சொல்லவில்லை. உன் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் அன்றே கார் கொண்டுவந்து உன்னை மண்ணச்சநல்லூருக்கு அழைத்துப் போய்விட்டார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தங்கை என்றால் அவருக்கு உயிர். அதனால்தான் டாக்டர் 'குறை' என்று சொன்னதை அவர் 'நிறுத்து' என்று எடுத்துக்கொண்டார். உப்பு நின்றது, பருப்பு நின்றது. கீரையும் காயும் எதற்கு வம்பு என்று அவையும் நின்றன. பழம் குளிர்ச்சி என்று நின்றது. மிஞ்சியது சோறு. அதுவும் எந்தச் சோறு! உங்கள் மில்லில் விசேஷ வீடுகளுக்கென்று இரண்டு முறை தீட்டிக் கொடுக்கும் பச்சரிசி. உள்ளங்கையில் எடுத்தால் மல்லிகை மொட்டு மாதிரி இருக்கும். அண்ணி அதை நான்கைந்து தண்ணீரில் கழுவி, நிறைய நீர் விட்டு வேகவைத்து, கஞ்சியை வடித்துக் கொட்டிவிட்டு, கொஞ்சம் மோர் ஊற்றிக் குழைத்துக் கொண்டுவருவார். மூன்று வேளையும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கொள்ளிடம் தாண்டி பஸ்ஸில் வருவேன். முதலில் முகத்து வீக்கம் வடிந்திருந்தது. அண்ணிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பாருங்க டீச்சர், பத்தியம் வேலை செய்யுது" என்றார். ஆனால் மாதம் போகப் போக நீ வேறு மாதிரி ஆனாய். உள்ளங்கால் எரிகிறது என்றாய். ஈரத்துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அடுத்து வந்தபோது கால் மரத்துவிட்டது, தரையில் வைத்தால் பஞ்சின்மேல் வைத்தாற்போல இருக்கிறது என்றாய். பிறகு படி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் இரண்டு காலும் முழங்கால்வரை வீங்கின. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது.

டாக்டர் மறுபடி வந்தார். மறுபடி அண்ணனோடுதான் பேசினார். சிறுநீரகம் மோசமாகிவிட்டது, பத்தியத்தை இன்னும் இறுக்குங்கள் என்றார். மோரும் நின்றது. வாசலில் என்னை வழியனுப்ப வந்த அண்ணன் தோள்துண்டால் வாயை மூடிக்கொண்டு, "இனிமே ஆண்டவன் விட்ட வழிங்க டீச்சர்" என்றார்.

இதற்கிடையில் பள்ளியில் உன் இடம் காலியாக இருப்பதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு, "நீங்க அவளுக்கு நெருக்கம். பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. அவளா ராஜினாமா கொடுத்துட்டா மரியாதையா இருக்கும்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வழிநெடுக எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் சுற்றி வளைக்கத் தோன்றவில்லை. அப்படியே சொன்னேன்.

நீ சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தாய். பிறகு சொன்னாய்: "ராஜினாமா இருக்கட்டும்டி. நான் ஒண்ணு கேக்குறேன், நீ பதில் சொல்லு. பழைய வீக்கம் எனக்கு மூஞ்சியிலதான வரும்? காலையிலதான வரும்? எரிஞ்சுதா? மரத்துச்சா? இது அது இல்லடி. இது வேற ஏதோ. பத்து வயசுலேருந்து அந்த நோயோட இருக்கேன். அது எப்படி வரும், எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா?"

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"என்கிட்ட யாருடி கேட்டாங்க?"

அந்தக் கேள்வியை நீ அழுதுகொண்டு கேட்டிருந்தால் நானும் அழுதிருப்பேன். நீ கோபமாகக் கேட்டாய். மூச்சு வாங்க வாங்கக் கேட்டாய். திருச்சியில் கண்டோன்மெண்ட் பக்கம் புதிதாக ஒரு லேடி டாக்டர் வந்திருக்கிறார், நிதானமாக உட்கார்ந்து பார்க்கிறாராம் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். அதைச் சொன்னேன். உடனே அண்ணனைக் கூப்பிட்டாய்.

அண்ணன் ஒப்பவில்லை. இந்த நிலையில் உன்னைக் காரில் குலுக்கிக்கொண்டு போனால் வழியிலேயே ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தார். அதை வெளியே சொல்ல முடியாமல், "குடும்ப டாக்டரை விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும் பாப்பா? நாலு பேர் என்ன பேசுவாங்க? நீ பேசாம படு" என்று சொல்லிவிட்டு மில்லுக்குள் போய்விட்டார்.

நீ படுக்கவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாய். நான் கை கொடுத்தேன். வேண்டாம் என்று தள்ளினாய். கதவுநிலையைப் பிடித்து நின்றாய். கால் மடங்கியது. சரி என்று இரண்டு கையையும் தரையில் ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே வாசற்படி இறங்கினாய். எதிரே உங்கள் மில்லின் களம். அவித்த நெல்லைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். சூடு தட்டிய நெல்லின் ஆவி முகத்தில் அடித்தது. அதன் நடுவே விட்டிருந்த பாதையில் நீ தவழ்ந்து போனாய். நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு பெண் ஓடிவந்து, "ஆத்தாடி, என்ன தாயீ இது!" என்று உன்னைத் தூக்கக் குனிந்தாள்.

"விடுங்க அக்கா. பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன்" என்றாய்.

மில் சத்தத்துக்கு மேல் யாரோ கத்தி அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் ஓடி வந்தார். நீ நிமிர்ந்து அவரைப் பார்த்தாய். உள்ளங்கை சிவந்திருந்தது, முழங்கையெல்லாம் தூசி. "அண்ணே, நான் சாகிறதா இருந்தா அது எதனாலன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சாகிறேன். வண்டி எடுக்குறீங்களா, நான் போகட்டுமா?"

அத்தனை ஆட்களுக்கும் எதிரில் அந்த மனிதர் குனிந்து உன்னைத் தூக்கினார். குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக் காருக்குக் கொண்டுபோனார். அழுதுகொண்டே போனார். நீ அழவில்லை. நான் பார்த்தேன்.

டாக்டரம்மா மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துகொண்டிருந்தார். உன்னைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். கண்ணாடி போட்டவர், மெலிந்த உருவம். "எத்தனை நாளா இப்படி?" என்று வழக்கப்படி அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் உன் குரல் வந்தது.

"நோய் எனக்குங்க டாக்டர். என்கிட்ட கேளுங்க."

அவர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நான் பயந்தேன். அவர் நாற்காலியை உன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரிம்மா. நீங்களே சொல்லுங்க" என்றார்.

நீ சொன்னாய். மூச்சு விட்டு விட்டுச் சொன்னாய். முன்பு எப்படி வரும், இப்போது எப்படி வந்தது, எது முதலில், எது பிறகு என்று ட்ரில் வகுப்பில் சொல்வதுபோல ஒழுங்காகச் சொன்னாய். அவர் குறுக்கே பேசவில்லை. எழுந்து வந்து உன் கெண்டைக்காலை அழுத்தினார், நீ துடித்தாய். முழங்காலில் சிறு சுத்தியால் தட்டினார். கால் அசையவே இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். உட்கார்ந்தாய். எழுந்திருக்க முடியவில்லை. ஆயிரம் பிள்ளைகளை உட்கார்த்தி எழுப்பியவள், எழ முடியாமல் அந்தத் தரையில் இருந்ததைப் பார்க்க என்னால் ஆகவில்லை. நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகுதான் கேட்டார்: "என்ன சாப்பிடுறீங்க?"

நீ சொன்னாய். அண்ணனுக்கு அதில் ஒரு பெருமை. "எங்க மில் அரிசிதாங்க. ரெண்டு தரம் தீட்டினது. கல், குருணை, தவிடு ஒண்ணு இருக்காது" என்றார்.

"கஞ்சியை வடிச்சிடுவீங்களா?"

"சுத்தமா வடிச்சிடுவாங்க. நாலஞ்சு தண்ணியில கழுவித்தான் உலையில போடுவாங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு உன்னிடம்தான் பேசினார். அரிசியின் மேல் தோலில், தவிட்டில், வைட்டமின் பி ஒன் என்று ஒரு சத்து இருக்கிறது. தீட்டினால் தவிட்டோடு போகும். மிச்சம் கழுவுகிற தண்ணீரில் போகும், அதற்கும் மிச்சம் கஞ்சியோடு போகும். பருப்பும் காயும் சாப்பிடுகிறவர்களுக்கு வேறு வழியில் கொஞ்சம் வந்துவிடும். உனக்கு எந்த வழியும் இல்லை. அது இல்லாவிட்டால் நரம்பு எரியும், பிறகு மரத்துப்போகும், இருதயம் தளரும், கால் வீங்கும். பெரிபெரி என்று பெயர். "உங்க சிறுநீரகத்துல நோய் இருக்கு. அதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இந்தக் காலும் இந்த மூச்சும் அதனால வந்ததுன்னு எனக்குத் தோணல. கால் வீங்கினதும் சிறுநீரகம்னு நினைச்சு இன்னும் குறைச்சிருக்காங்க. குறைக்கக் குறைக்க இது கூடியிருக்கு."

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "எங்க அரிசி மேலயாங்க குத்தம்?"

"அரிசி மேல குத்தம் இல்லைங்க. அரிசி மட்டுமே கொடுத்ததுதான்."

உன்னை அங்கேயே ஒரு அறையில் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். நான் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு உன்னோடு இருந்தேன். அடுத்த நாளே மூச்சு வாங்குவது குறைந்தது. பிறகு சிறுநீர் நிறையப் போகத் தொடங்கியது. கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தபோது என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து, "தொட்டுப் பாரு, எலும்பு!" என்றாய். தங்க நகை கிடைத்தவள்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். மரமரப்பு மட்டும் லேசில் போகவில்லை. அதற்கு மாதக்கணக்கில் ஆனது.

கிளம்புகிற அன்று டாக்டரம்மா உன்னிடம் ஒளிக்காமல் சொன்னார். "நான் திருப்பிக் கொடுத்தது உங்க காலை மட்டும்தான். அந்த நோயை என்னால எடுக்க முடியாது. இன்னைக்கு யாராலயும் முடியாது. எவ்வளவு வருஷம்னு கேட்டா எனக்குத் தெரியாது."

"நான் கேக்கலையேங்க" என்றாய். இருவரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

நீ மண்ணச்சநல்லூருக்குப் போகாமல் என்னோடு ஸ்ரீரங்கத்துக்கே திரும்பினாய். உப்புக் கட்டு அப்படியே இருந்தது. பருப்பு அளவோடு. புழுங்கலரிசி, கஞ்சி வடிக்காமல். கொஞ்சம் காய். தினமும் அந்த நாற்ற மாத்திரை. உன் அண்ணன் தாமே ஒரு மூட்டைப் புழுங்கலரிசியைக் கொண்டுவந்து நம் வாசலில் இறக்கினார். "கைக்குத்தல் மாதிரியே எடுத்தது, தீட்டவே இல்ல" என்றார். பின்னர் குரலைத் தாழ்த்தி என்னிடம், "மில்லுல இனிமே வீட்டுக்கு எடுக்கிறது எல்லாமே இதான் டீச்சர்" என்றார். கூட வந்திருந்த அண்ணி உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

கால் வந்துவிட்டது, வேலை வரவில்லை. டாக்டரம்மா இடையிடையே ஓய்வோடு வேலை பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தும் பள்ளியை நிர்வகித்த கரஸ்பாண்டென்ட் ஏற்கவில்லை. "நோயாளியை வெயில்ல நிறுத்தி ஏதாவது ஆச்சுன்னா பழி எங்களுக்கு. வீட்டுல சௌக்கியமா இரும்மா" என்றார். அந்தக் கடைசி வார்த்தை உன்னை எப்படிச் சுட்டது என்று எனக்குத் தெரியும். வெளியே வந்ததும், "சௌக்கியமா இருக்கணுமாம். எட்டு மாசம் சௌக்கியமாத்தான் வச்சிருந்தாங்க, தவழ்ந்துல்ல வந்தேன்" என்றாய்.

மறுநாள் காலை பள்ளி மணி அடிக்கும் முன்பே ஷூ போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டாய். ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாய். விசில் ஊதவில்லை, எந்த வகுப்பையும் கூப்பிடவில்லை. சும்மா இருந்தாய். பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டார்கள். அன்று என் வகுப்பில் செய்யுள் மனப்பாடம். "வாங்க, வெளியில போய்ச் சொல்லலாம்" என்று நாற்பது பிள்ளைகளையும் மைதானத்துக்குக் கூட்டி வந்தேன். அடுத்த மணிக்குக் கணக்கு டீச்சரும் தன் வகுப்போடு வந்தார். யாரும் யாரிடமும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. செய்யுள் சொல்லி முடித்த பிள்ளைகளிடம் நீ, "இப்படிக் கூனிக்கிட்டு நின்னு சொன்னா செய்யுளுக்கே முதுகு வலிக்கும். நிமிருங்க" என்றாய். அவ்வளவுதான், பிறகு அது ட்ரில் வகுப்பாகிவிட்டது.

இரண்டாம் வாரம் கரஸ்பாண்டென்டே மைதானத்துக்கு வந்தார். "உங்களுக்கு யாரும்மா அனுமதி கொடுத்தது?" என்றார்.

நீ எழுந்து நின்றாய். "சார், நீங்க சம்பளம் கொடுக்க வேண்டாம். வேலையை விட்டு எடுத்தாச்சுன்னு எழுதிக் கொடுத்துடுங்க. எதுக்குன்னு காரணமும் எழுதுங்க. நான் நிக்கிறேனா இல்லையான்னு பார்த்துட்டு எழுதுங்க."

அவர் உன்னைப் பார்த்தார். சுற்றி நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். அன்று வெள்ளிக்கிழமை. வேலிக்கு வெளியே அந்தத் தகப்பனாரும் இன்னும் சிலரும் நின்றிருந்தார்கள். "வெயில் ஏறினா நிழலுக்குப் போயிடணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அந்த மாதச் சம்பளம் உனக்கு வந்தது.

அதற்கப்புறம் உனக்கு வருஷங்கள் இருந்தன. நான் நினைத்ததைவிட அதிகம், எனக்குப் போதாதவை. உனக்காக நானும் உப்பில்லாமல் சாப்பிடுகிறேன் என்று ஒருநாள் உட்கார்ந்தேன். திட்டித் தீர்த்தாய். "நீ எதுக்குடி தியாகம் பண்ற? மாவடு எடுத்து வச்சுக்க. எதிர்ல உட்கார்ந்து தின்னு, நான் வாசம் பிடிக்கிறேன்." சக டீச்சர் ஒருவர் பாசத்தோடு பெரிய புட்டியில் மீன் எண்ணெய் வாங்கி வந்தார், வைட்டமின் என்றாலே நல்லதுதானே என்ற காலம் அது. அதை எடுத்துக்கொண்டு நீ நேரே டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டாய். சிறுநீரக நோய்க்காரர்களுக்கு அதிலுள்ள சத்து வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிக் கெடுதல் செய்யலாம், வேண்டாம் என்றார். கொண்டுவந்தவரிடம் நீயே திருப்பிக் கொடுத்தாய். "குறைஞ்சாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது. நம்ம ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி" என்றாய். அவர் கோபத்தை மறந்து சிரித்துவிட்டார்.

ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் புதுவெள்ளத்தில் காலை விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாய். தண்ணீர் சில்லென்று படுகிறது என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வாய். முதலில் எனக்குப் புரியவில்லை. மரத்துப்போன காலுக்குச் சில்லென்று தெரிவது எத்தனை பெரிய விஷயம் என்று பிறகுதான் உறைத்தது. ஜில்லாப் போட்டிக்கு நம் பிள்ளைகளை ரயிலேற்றி மதுரைக்குக் கூட்டிப் போனாய். ரிலே ஓட்டத்தில் கோப்பையோடு திரும்பினாய். தலைமை விருந்தினர் உன்னிடம் கை நீட்டியபோது, ஓடிய நான்கு பெண்களையும் முன்னால் தள்ளிவிட்டு நீ பின்னால் நின்றாய். அந்தப் போட்டோவில் உன் ஷூ மட்டும்தான் தெரிகிறது.

அறுபதுகளின் நடுவில் நோய் தன் வேலையை முடித்தது. வாந்தி, அரிப்பு, எதையும் சாப்பிடப் பிடிக்காத அசதி. மேல்நாட்டில் ஏதோ மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்களாம் என்று டாக்டரம்மா சொன்னார். நம் ஊருக்கு அது வந்து சேர இன்னும் எத்தனையோ வருஷம் இருந்தது. "கொஞ்சம் முந்திப் பிறந்துட்டேன், வேறென்ன" என்றாய். கடைசி நாட்களில் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் இருந்தாய். ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து, விளையாட்டு விழாவில் எந்தப் பிரிவு ஜெயித்தது என்று கேட்டாய். சொன்னேன். "குறுக்குப் பாதையில ஓடியிருப்பாளுங்க" என்று முணுமுணுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று நான் ஏங்கியது இல்லை. உனக்கு எது முக்கியமோ அதைத்தான் பேசினாய்.

மண்ணச்சநல்லூரில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். உறவுக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அதில் வயதான அம்மாள் ஒருவர் மூக்கைச் சிந்திக்கொண்டே, "பாவம், கழுத்துல ஒரு தாலி இல்ல, வயித்துல ஒரு பிள்ளை இல்ல. வாய்க்கு ருசியா ஒரு வாய் சாப்பிடல. என்னத்த அனுபவிச்சா இந்தப் பொண்ணு? ஏதோ ஆண்டவன் இவ்வளவு நாளாவது கொடுத்தானே" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். சாவு வீட்டில், அந்நியக் குடும்பத்தில், நான் பேசியிருக்கக் கூடாது. பேசினேன். "பாவம்னு சொல்லாதீங்கம்மா. அவளைப் பத்தி அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க. அவ என்ன அனுபவிச்சான்னு எனக்குத் தெரியும், நான் கூட இருந்தேன். வாசல்ல நிக்குதே அத்தனை பொண்ணுங்க, அதுங்களைக் கேளுங்க, சொல்லும்."

வாசலில் நம் பிள்ளைகள் பள்ளிக்கூட உடுப்போடு வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. நிமிர்ந்து நின்றிருந்தார்கள். அந்த அம்மாள் என்னை முறைத்துப் பார்த்தார். அண்ணி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

எனக்கு வயதாகிவிட்டது. மறதியும் வந்துவிட்டது. மாணவிகளின் பெயர்கள் கலந்து போகின்றன, சமயத்தில் என் தெருவின் பெயரே நாக்கில் வர மறுக்கிறது. 'ஆண்டவன் இவ்வளவு நாளாவது கொடுத்தானே' என்று அன்று அந்த அம்மாள் சொன்ன கடைசி வாக்கியம் மட்டும் மறக்கவில்லை. அந்தக் கோபமும் ஆறவில்லை. ஆற நான் விடவும் இல்லை. உன் வருஷங்கள் குறைவு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன், குறைவுதான். ஆனால் அவை உனக்குக் கொடுக்கப்பட்டவை என்று சொன்னால், இந்த வயதிலும் சண்டைக்கு நிற்கிறேன். யாரும் கொடுக்கவில்லை. நீ போய் எடுத்துக்கொண்டாய்.